அரூபத்துக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு

அரூப ஓவியம் என்று பேச்செடுத்தாலே நம்மைச் சுற்றி இரண்டு குரல்கள் எழுகின்றன. முதல் குரல் கலை விமர்சகருடையது. ‘மனிதன், மரம், வீடு, சாமி எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகு மிஞ்சுகிற தூய வடிவம் அது, தூய வர்ணம் அது, அங்கே சாதி ஏது, மதம் ஏது?’ என்கிறார் அவர். இரண்டாவது குரல் நம் தோழர்களுடையது. ‘சோத்துக்கு இல்லாதவனுக்குக் கட்டமும் கோடும் என்னாத்துக்கு? அது பூர்ஷ்வா விளையாட்டு. தலித் ஓவியன்னா குடிசையை வரை, எரிஞ்ச கூரையை வரை, வெட்டுப்பட்ட உடம்பை வரை’ என்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் சண்டையே இல்லை. அரூபம் நமக்கு உரியதல்ல என்பதே அது. ஒருவர் அதைப் புனிதம் என்கிறார், இன்னொருவர் அழுகல் என்கிறார். நாம் தொடக்கூடாது என்பதில் இருவரும் ஒன்று. இந்தத் தீட்டை யார் உண்டாக்கினார்கள், எதற்காக உண்டாக்கினார்கள் என்று விசாரிக்காமல் நம் பிள்ளைகளில் ஒருவன் ஓவியக் கல்லூரிக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. விசாரிப்போம்.

1

அரூப ஓவியத்தின் பிறப்பைப் பற்றி ஒரு ஸ்தல புராணம் உண்டு. ருஷ்யாவில் பிறந்து ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் வாழ்ந்த காண்டின்ஸ்கி 1910-ஐ ஒட்டிய வருடங்களில் பொருட்களை ஓவியத்திலிருந்து வெளியேற்றினார். மாலெவிச் 1915-ல் பெட்ரோகிராடில் கறுப்புச் சதுரத்தை மாட்டினார். ஹாலந்துக்காரரான மோந்த்ரியான் மரத்தை வரைந்து வரைந்து, கடைசியில் நெடுக்குக் கோடும் கிடைக்கோடும் மட்டும் மிஞ்சும்படி செய்தார். மூன்று ஆண்கள், மூன்று மேதைகள். புராணம் முடிந்தது.

இந்தப் புராணத்தில் ஓட்டை விழுந்து கொஞ்ச காலமாகிறது. சுவீடன் நாட்டு ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் 1906-லேயே அந்த மாதிரிப் படங்களைப் போடத் தொடங்கிவிட்டார். 1907-ல் ஆளைவிட உயரமான பத்துப் படங்களை முடித்தார். தான் செத்து இருபது வருடம் கழியும்வரை இவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944-ல் போய்ச் சேர்ந்தார். 1986-ல் லாஸ் ஏஞ்சல்சில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில்தான் உலகம் அவரைப் பார்த்தது. 2018-19-ல் நியூயார்க்கின் குகென்ஹைம் மியூசியத்தில் அவர் படங்களைப் பார்க்க ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். இப்போது மூன்று அப்பாக்களின் கதையில் ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்க்கட்டும், நல்லதுதான்.

ஆனால் ‘யார் முதல்’ என்று கேட்கிற கேள்வியே ஒரு பட்டா கேள்வி. இந்த நிலம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் கேட்கிற கேள்வி. அந்த நிலத்தில் அதுவரை உழுதுகொண்டிருந்தவர்கள் யார் என்பது பத்திரத்தில் வராது.

அந்தப் பத்திரத்தையே ஒருவர் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃப்ரெட் பார். 1936-ல் கியூபிசமும் அரூபக் கலையும் என்று அவர் ஒரு கண்காட்சி நடத்தினார். அந்தப் புத்தகத்தின் மேலட்டையில் அரூபக் கலையின் வம்சாவளியை அம்புக்குறி போட்டு வரைந்தார். செசான், வான்கோ, கோகான், சூரா என்று மேலிருந்து பெயர்கள் இறங்கி வருகின்றன. இயக்கங்களுக்குப் பெயர் உண்டு, வருடம் உண்டு, ஊர் உண்டு. அதே வரைபடத்தில் சில விஷயங்களைத் தனியே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று ‘நீக்ரோ சிற்பம்’. யார் செதுக்கியது, எந்த ஊர், எந்த வருடம்? ஒன்றும் கிடையாது. அங்கிருந்து அம்பு மட்டும் புறப்பட்டு உள்ளே போகிறது. உழைப்பு உள்ளே போகலாம், உழைத்தவன் போகக்கூடாது. தெருவுக்குத் தெரு பேர் வைத்திருக்கிற ஊர், ஓரத்தில் இருக்கிற குடியிருப்பை வெறுமனே ‘சேரி’ என்று சொல்லிவிட்டு நகர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வரைபடத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதே 1936-ல்தான் பாபாசாகேப் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ அச்சானது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வோம்.

2

ஐரோப்பாவில் நடந்த விவகாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அடையாற்றில் இருக்கிறது.

ஹில்மா, மோந்த்ரியான் இருவரும் பிரம்மஞான சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர்கள். ஹில்மா 1904-ல், மோந்த்ரியான் 1909-ல். காண்டின்ஸ்கி 1911 கடைசியில் வெளியிட்ட, கலையில் ஆன்மிகம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலில் பிளாவட்ஸ்கி அம்மையாரையும் இந்தச் சபையையும் பாராட்டிப் பேசுகிறார். 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1882-ல் சென்னை அடையாற்றில் தோட்டம் வாங்கித் தலைமையகத்தை வைத்துக்கொண்ட சபை அது. அரூப ஓவியத்தின் ஞானஸ்நானத் தொட்டிகளில் ஒன்று நம்ம அடையாற்றில் இருந்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்தச் சபைக்கும் நமக்கும் வேறொரு கணக்கும் உண்டு. சபையின் தலைவரான கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்தார், இலங்கை போய்ப் பௌத்தம் ஏற்றார், திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் ஆல்காட் இறந்துபோக, அன்னிபெசன்ட் அம்மையார் தலைவரானார். அதே 1907-ல்தான் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1907-ல்தான் ஸ்டாக்ஹோமில் ஹில்மா அந்தப் பத்துப் பெரிய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

1909 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் ரிவியூ’ பத்திரிகையில் அன்னிபெசன்ட் தாழ்த்தப்பட்டோர் கைதூக்கலைப் பற்றி எழுதினார். பஞ்சமப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது என்பது அவர் வாதம். என்ன காரணம்? தலைமுறை தலைமுறையாகத் தின்ற தீனியாலும் குடித்த குடியாலும் ஆன உடம்பாம் அது. நாற்றமடிக்கிறதாம். சுத்தமான சாப்பாடு சாப்பிட்டுச் சில தலைமுறை கழிந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதி வருமாம். இதைச் சொன்னவர் நமக்குப் பள்ளி நடத்திய சபையின் தலைவர். பாபாசாகேப் 1945-ல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் இந்தப் பகுதியை நீளமாக எடுத்துப் போட்டுத் தோலுரித்தார்.

மோந்த்ரியான் அந்தச் சபையில் சேர்ந்தது அதே 1909-ல்.

ரெண்டும் ஒரே வருஷம்கிறதுக்காக முடிச்சுப் போடுறீங்களா என்று கேட்பார்கள். வருடம் மட்டும் இல்லை, சரக்கும் ஒன்றுதான். அன்னிபெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 1905-ல் ‘எண்ண வடிவங்கள்’ என்று ஒரு புத்தகம் போட்டார்கள். கோபம், பயம், பக்தி, பேராசை எல்லாவற்றுக்கும் உருவமற்ற வர்ண வடிவங்கள் அதில் படமாக இருக்கின்றன. மெண்டல்சன், வாக்னர் இசைக்குக்கூட வர்ணப் படம் உண்டு. காண்டின்ஸ்கி படித்த புத்தகம் இது. இதற்கு முன்னாலேயே 1902-ல் லெட்பீட்டர் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் மனிதர்களைச் சுற்றியிருக்கும் சூட்சும உடம்பின் வர்ணங்களைத் தரம் பிரித்துப் படம் போட்டார். ‘காட்டுமிராண்டி’யின் உடம்பு ஒரு படம், சாதாரண மனிதனுடையது ஒரு படம், மேலேறிய மனிதனுடையது ஒரு படம். கீழே இருப்பவனுக்குச் சேற்று நிறம், மேலே போகப் போகத் தெளிந்த நிறம். கறுப்பு என்றால் வெறுப்பு, பழுப்பு என்றால் சுயநலம், மஞ்சள் என்றால் அறிவு, நீலம் என்றால் பக்தி.

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? வர்ணம் என்ற ஒரே சொல்லில் நிறத்தையும் சமூகப் படிநிலையையும் சேர்த்துக் கட்டிய ஊர் இது. அந்தக் கட்டை ஐரோப்பிய ஓவியனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தவர்களில் அடையாறுக்காரர்களும் இருந்தார்கள்.

காண்டின்ஸ்கி தன் நூலில் சமூகத்தை ஒரு பெரிய முக்கோணமாக வரைந்து காட்டுகிறார். அகலமான அடித்தட்டில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள். மேலே போகப் போகக் குறுகி, நுனியில் ஒற்றை ஆள். அவன்தான் கலைஞன், தீர்க்கதரிசி. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் அவருடைய முக்கோணம் அசைகிறது. இன்றைக்கு நுனி நிற்கும் இடத்துக்கு நாளைக்கு அடுத்த தட்டு வந்து சேரும் என்கிறார். சாதி முக்கோணத்தில் அந்த நாளை கிடையாது. காண்டின்ஸ்கியைச் சாதிவெறியர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு நம்ம சேரியும் தெரியாது, சாதியும் தெரியாது. ‘தூய வர்ணம், சமூகம் தீண்டாத வர்ணம்’ என்று இங்கே நமக்கு விற்கப்படுகிற சரக்கு, பிறந்தபோதே படிநிலை அட்டவணையோடுதான் பிறந்தது என்றுதான் சொல்கிறேன். வெள்ளை, எல்லாச் சாத்தியங்களையும் உள்ளடக்கிய மௌனம். கறுப்பு, ஒரு சாத்தியமும் இல்லாத செத்த மௌனம் என்று அந்த நூலில் அவர் எழுதியதைக் கறுப்பாகப் பிறந்த யாரும் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

3

கறுப்புக்கு வருவோம்.

மாலெவிச்சின் கறுப்புச் சதுரம் 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் காட்டப்பட்டது. சுவரில் மற்ற படங்களுக்கு நடுவில் அதை மாட்டவில்லை. அறையின் மூலையில், கூரைக்கு ஒட்டி மாட்டினார். ருஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கிற மூலை அது. சாமியை இறக்கிவிட்டு அங்கே கறுப்பை ஏற்றியது சின்னக் காரியமில்லை. ஒரு சாமி மூலையில் கறுப்பை ஏற்றுவதென்றால் என்ன என்று பெரியார் பிறந்த மண்ணில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கதையிலும் மறைத்த பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னால், 1915 நவம்பரில், மாஸ்கோவில் ஓர் அலங்காரக் கலைக் கண்காட்சி நடந்தது. இன்றைய உக்ரைனில் உள்ள வெர்பிவ்கா என்ற கிராமத்துப் பெண்கள் செய்த தையல் வேலைகள் அதில் இருந்தன. மாலெவிச் போட்டுக் கொடுத்த புதுமாதிரி வடிவங்களையும் அவர்கள் துணியில் தைத்திருந்தார்கள். அதாவது, உலகமே கொண்டாடுகிற அந்தப் புரட்சி வடிவங்கள் படச் சட்டத்துக்குள் ஊருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கழுத்துத் துணியிலும் தலையணை உறையிலும் தெரிந்துவிட்டன, விவசாயப் பெண்களின் ஊசி வழியாக. மாலெவிச் சர்க்கரை ஆலைகளில் வேலை பார்த்தவரின் மகன். சின்ன வயதில் குடியானவர்கள் தங்கள் குடிசைச் சுவர்களைக் கோலம் போட்டு அலங்கரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அதை அவரே எழுதியும் இருக்கிறார். அவர் மறைக்கவில்லை. பிறகு வந்த வரலாற்றுக்காரர்கள்தான் அந்த ஊசிகளைத் தொலைத்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, கசப்பானது. 2015 நவம்பரில் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூட ஆய்வாளர்கள் கறுப்புச் சதுரத்தை ஊடுகதிர் வைத்துப் பார்த்தார்கள். கறுப்புக்கு அடியில் வேறு இரண்டு படங்கள் இருந்தன. ஓரத்தில் பென்சிலால் ஒரு எழுத்து. இருட்டுக் குகையில் நீக்ரோக்களின் சண்டை என்று பொருள்படும்படி அதை அவர்கள் வாசித்தார்கள். பாரீசில் 1882-ல் பில்ஹோ என்பவர் முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைக் காட்டி, அதற்கு இதே மாதிரி ஒரு பெயர் வைத்துச் சிரிக்க வைத்தார். 1897-ல் அல்லே என்பவர் அதை எடுத்து மறுபடி அச்சடித்தார். திரெத்யாகோவில் கண்ட எழுத்து மாலெவிச் கையா, வேறு யாரோ கிறுக்கியதா என்று சண்டை ஓயவில்லை. அது எப்படியோ போகட்டும். வெள்ளைக்காரன் போட்ட முதல் முழுக்கறுப்புப் படங்களில் ஒன்று கறுப்பு மனிதனைக் கேலி செய்யப் போட்ட படம் என்பதில் சந்தேகமில்லை. பொருளே இல்லாத தூய கறுப்பு என்று வகுப்பெடுக்கிறவர்கள் இதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

4

பத்திரத்தில் பெயர் ஏறாதவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடுகிற இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்திப் பண்ணை அடிமைகளின் வாரிசுகள் வாழும் ஊர். பண்ணையார் பெயர் பெட்வே. இன்றும் அங்கே பல குடும்பங்களுக்கு அதுதான் பெயர். 1932-ல் கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோக, அவர் மனைவி ஆள் அனுப்பி அந்தக் குடும்பங்களின் மாடு, ஏர், சேமித்த தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். குளிருக்குக் கம்பளி இல்லை. பெண்கள் கிழிந்த வேலைச் சட்டை, கால்சட்டை, தீவன மூட்டைத் துணி எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்தார்கள். பை கிழித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம். முட்டி தேய்ந்த இடத்தில் வெளுத்த நீலம். அகலமான பட்டைகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள், திடீரென்று ஒரு சிவப்பு. 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண் செத்துப்போன தன் கணவரின் வேலைத் துணிகளையே வெட்டி, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார்.

1960-களில் இந்த ஊர் மக்கள் ஓட்டுரிமைக்காக ஆற்றைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். 1962-ல் தோணிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி ஓடியது 2006-ல். நாற்பத்து நாலு வருடம்! நடுவில் 1966-ல் பெண்கள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கிப் போர்வை தைத்து விற்றார்கள்.

2002-ல் இந்தப் போர்வைகளை ஹூஸ்டன் மியூசியத்திலும் நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் மாட்டினார்கள். பார்த்த விமர்சகர்கள் மூச்சடைத்துப் போனார்கள். நவீன ஓவியர்களின் பெயரையெல்லாம் சொல்லி, ‘அவர்களைப் போலவே இருக்கிறதே’ என்று வியந்தார்கள். இந்த வியப்பில்தான் வஞ்சகம் இருக்கிறது. கந்தல் தைத்த கை ஓவியனைப் போல இருக்கிறதாம். ஓவியன் கந்தல் தைத்த கையைப் போல இருக்கிறான் என்று ஏன் ஒருத்தர் வாயிலும் வரவில்லை? போர்வைகள் புகழ் பெற்ற பிறகு, வந்த காசில் தங்கள் பங்கு எங்கே என்று கேட்டு 2007-ல் சில பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2008-ல் அது பேசித் தீர்க்கப்பட்டது. அழகியல் பேசுகிறவர்கள் இந்த வழக்கைப் பேசமாட்டார்கள். நாம் பேச வேண்டும். மியூசியம் வரை வந்த அழகுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்பதும் அழகியல்தான்.

5

இப்போது தோழர்களோடு.

அரூபம் பூர்ஷ்வா சீரழிவு என்கிறீர்கள். இதைச் சொன்னவர்கள் யார் யார் என்று பாருங்கள். 1937-ல் மூனிக்கில் நவீன ஓவியங்களை ‘இழிந்த கலை’ என்று சொல்லி மாட்டி அவமானப்படுத்தியது ஹிட்லரின் கட்சி. மாலெவிச்சை 1930-ல் கைது செய்து விசாரித்தது சோவியத் அரசு. அரூபத்தைக் கண்டால் இரண்டு பக்கத்து அதிகாரத்துக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி பார், நான் காட்டுவதை மட்டும் பார் என்று சொல்கிற அதிகாரத்துக்கு அரூபம் தொந்தரவுதான்.

அமெரிக்க உளவுத்துறை அரூப ஓவியத்தைக் கெடுபிடிப்போரில் ஆயுதமாக்கியதே என்பீர்கள். கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்புக்கு அந்தத் துறை பணம் கொடுத்தது 1960-களின் நடுவில் அம்பலமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் திருடன் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பொருள் திருடனுடையது ஆகிவிடுமா?

நார்மன் லூயிஸ் என்ற கறுப்பு ஓவியரைச் சொல்கிறேன். 1909-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். 1930-களில் வேலையிழந்தவர்களையும் வீட்டைவிட்டுத் தெருவில் தள்ளப்பட்ட குடும்பங்களையும் வரைந்தார். தோழர்கள் கேட்கிற அதே மாதிரி ஓவியம். 1940-களில் அரூபத்துக்கு மாறினார். படம் வரைந்து அநியாயத்தைத் தீர்க்க முடியாது, அதற்கு மறியலில் போய் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. சொன்னபடி நின்றார். 1969-ல் ஹார்லெமைப் பற்றி நியூயார்க்கின் பெரிய மியூசியம் கறுப்பு ஓவியர்களை விலக்கிவிட்டு நடத்திய கண்காட்சிக்கு எதிரான மறியலில் அவரும் நின்றார். 1960-ல் அவர் வரைந்த ஒரு படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும். கறுப்புப் பரப்பின் நடுவில் வெள்ளை வடிவங்கள் கூம்பாக எழும்புகின்றன. உற்றுப் பார்த்தால் கூ கிளக்ஸ் கிளான்காரனின் முகமூடி. மூட்டம் போலத் தெரிகிற பயத்தை மூட்டமாகவே வரைந்தார்.

அவருக்கு என்ன கிடைத்தது? 1950 ஏப்ரலில் நியூயார்க் அரூப ஓவியர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே கறுப்பர் லூயிஸ். அடுத்த ஜனவரியில் ‘லைஃப்’ பத்திரிகையில் அந்தத் தலைமுறை ஓவியர்கள் பதினைந்து பேரின் புகைப்படம் வந்தது. வரலாற்றுப் புத்தகங்களெல்லாம் திரும்பத் திரும்பப் போடுகிற படம். அதில் லூயிஸ் இல்லை. மறியல் பண்ணினவர்களுக்கு அவர் படம் போதுமான அளவு கறுப்பாக இல்லை. அரூபம் பேசினவர்களுக்கு அவர் போதுமான அளவு வெள்ளையாக இல்லை.

நம் பிள்ளைகளுக்கும் இதே இரட்டைக் குழி வெட்டப்பட்டிருக்கிறது. ‘நீ உன் வலியை வரை’ என்று சொல்கிறவர்களைக் கேட்கிறேன்: மற்றவன் வானத்தை வரையலாம், மௌனத்தை வரையலாம், சும்மா ஒரு மஞ்சளை வரையலாம். நாங்க மட்டும் காலத்துக்கும் காயத்தைத் தொறந்து காட்டிக்கிட்டே நிக்கணுமா? நாங்க அழுவோம், நீங்க பாத்துட்டு உச்சுக் கொட்டிட்டுப் போவீங்களா? காயத்தை வரைவது நம் உரிமை. சாவி சாவர்க்கர் கலயமும் துடைப்பமும் கட்டிய தீண்டப்படாதவனை வரைந்தபோது இந்திய ஓவியம் அதுவரை பார்க்க மறுத்ததைப் பார்க்க வேண்டி வந்தது. அந்த வேலை முடியவில்லை. ஆனால் உரிமையாக இருக்கிறவரைதான் அது கலை, உத்தரவானால் அதுவும் குலத்தொழில்தான்.

அரூபம் ஏன் இழுக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ரவிவர்மா படத்தின் முன்னால் நின்றால் தமயந்தி யார், அன்னம் எதற்கு என்று புராணம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிவப்புப் பரப்பின் முன்னால் நிற்க எந்த வேதமும் வேண்டாம், கண் போதும். வெயிலில் நின்ற அனுபவம் போதும். இன்னொன்று, பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு நம்மைக் கண்டுபிடித்துவிடத் துடிக்கிற சமூகத்தில், எதையும் காட்டிக் கொடுக்காத ஒரு படத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. இந்தக் கண்ணையும் இந்த விடுதலையையும் பிடுங்கிக்கொள்ளத்தான் கேலரிக்காரர்கள் கேட்லாக் அடிக்கிறார்கள், பிரம்மம் என்கிறார்கள், பிந்து என்கிறார்கள். 2015 டிசம்பரில் மும்பையில் கெய்தொண்டேயின் ஒரு படம் 29 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. கண் போதும் என்றால் இந்த வியாபாரம் படுத்துவிடும் அல்லவா?

6

நம்ம சென்னைக்கு வருவோம். 1957 முதல் பத்து வருடம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியவர். அந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள் என்பதை மறக்கக்கூடாது. இங்கேயும் ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினைதான். 1963 வாக்கில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்துகள், ஜாதகக் கட்டம், கணக்கு எல்லாம் படத்தில் நிறைகின்றன. வாசிப்பதற்கல்ல, வடிவமாகப் பார்ப்பதற்கு.

அழகான படங்கள்தான். ஆனால் எழுத்தை அர்த்தத்திலிருந்து கழற்றி அழகாக்கிப் பார்க்க, எழுத்து முதலில் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டுப் பரணில் ஏடும் ஜாதகமும் இருந்தவனுக்கு எழுத்து சலித்துப்போகலாம். எழுத்தைத் தொட்டதற்கே அடி வாங்கிய பரம்பரைக்கு அது இன்னும் சலிக்கவில்லை. அறுபதுகளின் விமர்சகர்கள் இதை இந்திய மரபு என்று கொண்டாடினார்கள். பிறகு தாந்திரிகம் வந்தது, எந்திரமும் மண்டலமும் வந்தன. இந்திய அரூபத்துக்கு வேர் தேடிப் போன எல்லாரும் கோயிலுக்கும் ஜோசியர் வீட்டுக்கும் போனார்கள். பறைக்கு யார் வந்தார்கள்?

காண்டின்ஸ்கி அரூபத்துக்கு வழி தேடியபோது இசையைத்தான் கைகாட்டினார். எதையும் நகலெடுக்காமலே இசை நெஞ்சைத் தொடுகிறதே, ஓவியம் ஏன் அப்படி ஆகக்கூடாது என்றார். 1911 ஜனவரியில் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து படம் போட்டார். பறையைக் கேளுங்கள். எழவுக்கு ஒரு அடி, சாமி புறப்பாட்டுக்கு ஒரு அடி, கூத்துக்கு ஒரு அடி. சொல் கிடையாது, உருவம் கிடையாது. மூன்று தெரு தள்ளி இருக்கிற கிழவிக்குக்கூட எந்த வீட்டுக் காரியம் என்று தெரிந்துவிடும். பறையடிக்க மாட்டோம் என்று கீழே போட்டவர்களும் நம்மில் உண்டு, அதை மேடையில் ஏற்றி நிமிர்ந்தவர்களும் உண்டு. இரண்டும் போராட்டம்தான். ஆனால் உருவமில்லாமல் அர்த்தம் சொல்லும் வித்தை நமக்கு அந்நியம் என்று மட்டும் எவனும் சொல்ல வேண்டாம்.

எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே சில கற்களில் புத்தர் உருவம் இல்லை. வெறும் ஆசனம், சக்கரம், இரண்டு பாதச் சுவடு. சுற்றிலும் வணங்குகிற மனிதர்கள். அதை இன்றைய அரூபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் இல்லாத இடத்தைச் செதுக்கி ஆளைக் காட்ட முடியும் என்று இந்த மண் கண்டது பௌத்தத்தின் கையால். பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவன் தன் காலடித் தடத்தைத் தானே அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை பாபாசாகேப் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் வணங்கப்பட்ட சுவடு, இன்னொரு பக்கம் அழிக்கப்பட்ட சுவடு. அழிக்கப்பட்ட அந்தத் தடத்தை எப்படி வரைவது? உருவம் போட்டு வரைய முடியுமா, போடாமல் வரைய முடியுமா? இந்தக் கேள்வியை எந்த ஐரோப்பியனும் நமக்காகத் தீர்த்து வைக்கவில்லை. நாமேதான் தீர்க்க வேண்டும்.

ஆகவே சொல்வது இதுதான். ஓவியக் கல்லூரிகளில் கலை வரலாறு நடத்துகிறவர்கள் மோந்த்ரியானைச் சொல்லும்போது அடையாற்றையும், அடையாற்றைச் சொல்லும்போது 1909-ம் வருடக் கட்டுரையையும், மாலெவிச்சைச் சொல்லும்போது வெர்பிவ்காவின் ஊசியையும் சேர்த்துச் சொல்லட்டும். மூங்கில் முடைகிறவர், பாய் பின்னுகிறவர், தோல் இழுத்துக் கட்டுகிறவர் பெயரை மியூசியத்துச் சீட்டில் ‘நாட்டுப்புறக் கலை’ என்று மொட்டையாக எழுதாமல் ஊர் பேரோடு, ஆள் பேரோடு எழுதட்டும். தோழர்கள் நம் பிள்ளைகளுக்கு இன்னதுதான் வரையணும்னு பாடம் எடுக்கிறதை நிறுத்தட்டும். பிள்ளைகள் கட்டத்தையும் கோட்டையும் வர்ணத்தையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும். கேட்டால் இது எங்க பாட்டி தைச்சது, எங்க தாத்தன் அடிச்சது என்று சொல்லட்டும்.